காக்கிச் சட்டை பக்கத்தில் உட்கார்ந்தது

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் எழுதப் படிக்கக் கற்கும் அறிவொளி வகுப்புப் பலகையில் நான் ஒட்டும் முதல் தாள் இது.  சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் போலீஸ் நம் தெருவுக்குள் புகுந்து, சாதியைச் சொல்லித் திட்டிக்கொண்டே அடித்தது. அதிலிருந்து பஸ்ஸில் போலீஸ் ஏறினால் நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன்.

அப்படி அடிபட்டவர்களுக்காகக் கோவில்பட்டியில் சனிக்கிழமை கூட்டம் நடத்தும் டாக்டரம்மா சொல்லியிருந்தார்: "அண்ணாச்சி, பயம் வந்தா ஓடாதீங்க. காலைத் தரையில அழுத்துங்க. முன்னால தெரியுத எழுத்தை வாசிங்க."

இன்று அங்கே பஸ்ஸில் போகும்போது ஒரு போலீஸ்காரர் ஏறி, என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். எனக்கு வேர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. காலை அழுத்திக்கொண்டு, ஜன்னலுக்கு மேலே இருந்ததை வாசித்தேன்.

"கரம், சிரம், புறம் நீட்டாதீர்."

"என்னவே முனங்குதீரு?"

"எழுத்துக் கூட்டுதேன், சார்."

"எந்த ஊரு?"

"பசுவந்தனை பக்கம், சார்."

"அங்க எந்தத் தெரு?"

அது எதற்கான கேள்வி என்று நமக்குத் தெரியும். வழக்கமாக எழுந்து நின்று, வேறு தெருவைச் சொல்வேன். இன்று உட்கார்ந்தபடியே, "காலனித் தெரு" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். நான் திரும்ப முதலிலிருந்து வாசித்தேன். பன்னிரண்டாவது தடவை வாசிக்கும்போது அவர் நிறுத்தம் வந்தது. இறங்கிப் போனார்.

எனக்கு முன்னால் போலீஸ் இறங்கியது இதுதான் முதல் தடவை.

கூட்டத்தில் சொன்னதும் ஒருவர், "வாசிச்சே இறக்கிட்டீரே வே!" என்றார்.

வரும் சனிக்கிழமையும் அதே பஸ்தான். லத்தியோடு ஒருவர் ஏறினால் என்ன ஆகிறது என்று பார்த்து எழுதுகிறேன். அதற்குள், சிரம் என்றால் என்னவென்று யாராவது கீழே எழுதிவையுங்கள்.