மேல் வீட்டில் ஒரு மியூசியம்

என் கணவர் ஓய்வு பெற்ற கையோடு டேப்பை எடுத்துக்கொண்டு மேல் வீட்டை அளக்கப் போனார். நான் கையிலிருந்த கரண்டியோடு படிக்கட்டு வரைக்கும் பின்னாலேயே போனேன்.

மேல் வீடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு ஆள் நிற்கிற அளவுக்குச் சமையலறை. குடியிருந்தவர்கள் காலி செய்ததிலிருந்து அதை என் தங்கைக்கு என்று மனசுக்குள் ஒதுக்கி வைத்திருந்தேன். அவள் அந்தியூரில் தனியாக இருக்கிறாள். வீட்டுக்காரர் தவறிவிட்டார், பையன் பெங்களூரில். தை மாதம் போனில், "உங்க பக்கமா சின்னதா ஒரு ஊடு வாடகைக்குக் கிடைக்குமுங்களாக்கா?" என்று கேட்டாள். மேல் வீட்டைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாள். "பார்க்கலாம் கண்ணு" என்றேன். இவரிடம் நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தபோதுதான் டேப் வெளியே வந்தது.

இவர் மணி சேர்ப்பவர். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு கம்பெனி வேலை. ஆடி வந்தால் அந்தியூர்ச் சந்தை. எல்லாரும் மாட்டையும் குதிரையையும் பார்க்கப் போவார்கள், இவர் அதுகளின் கழுத்தைப் பார்க்கப் போவார். அப்படி வாங்கிய மணிகளெல்லாம் சாக்குச் சாக்காகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. கூட்டும்போது விளக்குமாறு பட்டால் போதும், உள்ளே ஒரு மாட்டு வண்டி கிளம்பும்.

"மேல ஒழுங்கா அடுக்கி வெச்சா நாலு பேர் வந்து பார்ப்பாங்கல்ல அம்மணி? மத்தவங்க எப்படி வெச்சிருக்கறாங்கனு ஒரு சுத்துப் போய்ப் பார்த்துட்டு வந்துரலாம்" என்றார்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் காரை எடுப்பதே வேலையாகிவிட்டது. நம்ம ஊரில் இத்தனை பேர் வீட்டுக்குள் மியூசியம் வைத்திருக்கிறார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. டவுனில் ஒரு அத்தர் கடை பாய், கடை மாடியில் பழைய குப்பிகளையும் தராசுகளையும் வைத்திருந்தார். ஒவ்வொரு குப்பியாகத் திறந்து முகரக் கொடுத்தார். காலிக் குப்பிகூட மணத்தது. சோமனூர்ப் பக்கம் ஒருவர் ஓடாத தறிகளை வரிசையாக நிறுத்தி எண்ணெய் போட்டு வைத்திருந்தார். எங்கே போனாலும் நான், "ரொம்ப நல்லாருக்குங்க" என்றேன். வீட்டைத் திறந்து காட்டுகிற மனுசரிடம் வேறு என்னத்தைச் சொல்வது? திரும்பும்போது காரில் இவர், "எப்படி இருந்துச்சு?" என்பார். "நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்பேன். "ம்" என்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, அலமாரிகள் போக ஒரு கட்டில் போட இடம் மிஞ்சுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருவேன். மிஞ்சவே மிஞ்சாது.

இதில் இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. எந்த மியூசியத்திலும் டிக்கெட் இல்லை, ஆனால் காப்பி குடிக்காமல் வெளியே விடமாட்டார்கள். முன்னால் ஆண்பிள்ளை விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். உள்ளே ஒரு பொம்பளை டம்ளர் கழுவிக்கொண்டிருப்பாள். அந்த டம்ளர் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டதோ என்னவோ.

கடைசியாகப் போனது கருமத்தம்பட்டியில் ஒரு ரேடியோக்காரர் வீட்டுக்கு. ஒவ்வொரு பெட்டியாகப் போட்டு, அது சூடேறிப் பாடுகிற வரைக்கும் பக்கத்தில் நின்று கேட்கவைத்தார். பாதியில் அவர் சம்சாரம் பட்டுப்புடவையும் தலையில் பூவுமாக வெளியே வந்தார்.

"கல்யாணங்களா?" என்றேன்.

"எங்கண்ணன் பேத்திக்குங்க. அவினாசியில மண்டபம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"நீங்க போகலீங்களா?" என்று இவர் ரேடியோக்காரரைக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஆளுக வருவாங்களுங்க. பூட்டிப்போட்டு எப்படிப் போறது?" என்றார் அவர், ரேடியோக் குமிழ் ஒன்றைத் துடைத்தபடியே.

அந்த அம்மாவை நாங்களே மண்டபத்தில் இறக்கிவிடுகிறோம் என்று காரில் ஏற்றிக்கொண்டோம். கொஞ்ச தூரம் போனதும் இவர், "வருசம் பூராவும் இப்படித்தானுங்களா?" என்று கேட்டார்.

"பழனிக்குப் போயே பல வருசமாச்சுங்க. பூட்டியிருந்தா தூரத்துல இருந்து வாரவங்க ஏமாந்து போவாங்கம்பாரு. நான் இல்லாட்டி அவங்களுக்குக் காப்பி ஆரு வெக்கறது? இன்னைக்கு பிளாஸ்க்குல ஊத்தி வெச்சுட்டு வந்திருக்கறனுங்க." அதில் கோபமே இல்லை. அப்புறம், "நீங்களும் வெக்கப் போறீங்களாமா? நல்லதுங்க" என்றார். அந்த 'நல்லதுங்க' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நானும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான்.

மண்டபத்து வாசலில் வாழைமரத்தடியில் அந்த அம்மா தனியாக இறங்கிப் போனார். இவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு பேக்கரி முன்னால் காரை நிறுத்தி, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு டீ சொன்னார். டீ வந்தும் குடிக்கவில்லை.

"அம்மணி, கோவிச்சுக்காதே. இந்த மியூசியம் நமக்கு ஒத்து வராதாட்ட இருக்குது. உனக்கு ஆசைன்னு தெரியும்."

"எனக்கா?"

"போற பக்கமெல்லாம் நல்லாருக்குது, நல்லாருக்குதுன்னியே! மொதல்ல எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. அத்தர் கடையிலயே அது தீந்துபோச்சு. சந்தைக்குப் போகோணும், கல்யாணங்காச்சிக்குப் போகோணும், ஊட்லயே உக்காந்துட்டு வாரவங்களுக்கெல்லாம் மணியாட்டறதுக்கு நம்மால ஆகுமா? நீ ஆசைப்படறயேன்னுதான் சுத்தீட்டிருந்தேன்."

டீ எனக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பா இருமலா என்று தெரியாமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பேக்கரிக்காரர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். அப்பாடா என்று அந்தப் பெஞ்சில் சாய்ந்த சுகத்தை அதற்கு முன்னால் எந்த நாற்காலியிலும் நான் அனுபவித்ததில்லை. மூச்சு வந்ததும் தங்கை விசயத்தைச் சொல்லிவிட்டேன்.

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தை மாசம் கேட்டுச்சா? இப்ப ஆனி முடியப் போகுது!"

"நீங்கதான் டேப்பைத் தூக்கீட்டு மேல போயிட்டீங்களே."

"ஒவ்வொரு சந்தைக்கும் அந்தப் புள்ளை ஊட்லதானே சோறு தின்னேன்" என்றார். உடனே போனை எடுத்து, நானும் கேட்க ஸ்பீக்கரில் போட்டார். "கண்ணு, மேல் ஊடு சும்மா கெடக்குது. எப்ப வாரே?"

அந்தப் பக்கம் சட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"என்ற தையல் மிஷினும் கொண்டாரலாமுங்களா மச்சான்?"

"கொண்டா, கொண்டா. உன்ற மாமியார் காலத்து மிஷின்தானே அது? கால்ல மிதிக்கறது? அந்தப் பழைய மூடி இன்னும் இருக்குதா?" இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அது துணி தைக்கறதுக்குங்க" என்று இவரிடம் சொல்லிவிட்டு, "நீ சாமானைக் கட்டி வை கண்ணு, ஒரு நாள் பார்த்து வண்டியோட வாரோம்" என்றேன்.

"தை மாசமே கட்டி வெச்சுட்டனுங்கக்கா" என்றாள். "ஒரே ஒரு சட்டி மட்டும் வெளிய இருக்குது. அதுலதான் ஆக்கித் தின்னுட்டிருக்கறேன்."

டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்து இவர் காரை எடுத்தார். வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. அந்தியூர் போகிற கோபி ரோட்டில் திருப்பினார்.