நான் எழுதிக் கொடுத்த வரி

"இந்த ஆப் குழந்தைகளுக்கு நல்லதா மேடம்?"

பத்து நாளாகிவிட்டது. இன்னும் என்னிடம் பதில் இல்லை.

கேட்டவர் என் மகள் தாராவின் வகுப்பு ஆசிரியை. தாரா இரண்டாம் வகுப்பு. பள்ளி விடும் நேரம், கேட் அருகே என்னை நிறுத்தி ஒரு கடிதத்தைக் காட்டினார். ஒரு கம்பெனி தன் கணக்கு ஆப்பை வகுப்பு முழுவதற்கும் இலவசமாகத் தருகிறதாம். என் கணவர் அங்கேதான் வேலை பார்க்கிறார் என்பது அவருக்குத் தெரியும். நீங்கள் சரி என்றால் பெற்றோர் கூட்டத்தில் அறிவித்துவிடுவேன் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நல்லது என்று சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

எம்.எஸ்ஸி. படித்தவள். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு யோசனை வேறு சொல்கிறவள்...

முதலில் கம்பெனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கரூரிலிருந்து ஹைதராபாத் வந்து எட்டு வருடம். தார்நாகாவில் வாடகை வீடு. கணவர் பிரபு காலையில் மெட்ரோ ஏறி ராய்துர்க்கத்தில் இறங்குவார். என்ன கம்பெனி என்று ஊரில் யாராவது கேட்டால் 'கேமிங்' என்போம். பணம் கட்டி ரம்மி ஆடும் ஆப் என்று மாமனாரிடம் எப்படிச் சொல்வது?

அவர் சேர்ந்தபோது அலுவலகம் ஒரே ஒரு மாடி. பிறகு இரண்டு. பிறகு நான்கு. மதியச் சாப்பாடு இலவசம், தீபாவளிக்கு ட்ராலி பெட்டி, பிறந்தநாளுக்குக் கேக். இது திறமை விளையாட்டு, சூதாட்டம் இல்லை என்று பிரபு விளக்குவார். கோர்ட்டே சொல்லியிருக்கிறதாம். நான் தலையாட்டுவேன். ஆனாலும் இத்தனை கேக் எங்கிருந்து வருகிறது என்று மனசின் ஓரத்தில் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருக்கும்.

ஒரு வேடிக்கை. ஆப்பைச் செய்வது ஹைதராபாத்தில். ஆனால் இந்த மாநிலத்தில் அதை ஆட முடியாது, தடை! எங்கள் கீழ்வீட்டு மேரி அக்காவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். அவர் அப்பா காலத்திலேயே லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழ் பேசுவார், படிக்க வராது.

"இங்க ஒக்காந்து செய்யணும், இங்க வெளாட நக்கோ. கைக்கு?" என்று ஹைதராபாத் பாஷை கலந்து கேட்டார், ஆடக் கூடாதாம், ஏன் என்று. "சமைச்சவன் சாப்புடாத பிரியாணிய ஊருக்கு விக்கிறானா?"

சிரித்துவிட்டு மேலே வந்தேன். வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பீதர் கோட்டை பார்க்கக் காரில் போனோம். ஜஹீராபாத் தாண்டி, கர்நாடக எல்லைப் பலகைக்குக் கொஞ்சம் முன்னால் பிரபு வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி, போனைக் கையில் பிடித்தபடி நடந்தார். பலகைக்கு இந்தப் பக்கம், 'உங்கள் மாநிலத்தில் இந்த விளையாட்டு இல்லை'. அந்தப் பக்கம் கொஞ்சம் போனதும் ஆப் திறந்துகொண்டது. போன் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பார்த்துத் திறக்கும் அந்தக் கதவை எழுதிய டீமில் அவரும் ஒருவர். கூப்பிட்டுக் காட்டினார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்!

நான் வெயிலில் நின்று யோசித்தேன். அதே சாலை, அதே போன், அதே மனுஷன். பத்தடியில் எது மாறியது?

ஆனாலும் கேட்கவில்லை. மாதம் பிறந்தால் தாராவுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டுமே.

இனிமேல் சொல்லப்போவதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று முறை அழித்து எழுதுகிறேன்.

ஆட வராமல் நின்றுவிட்டவர்களை ஆப் மெசேஜ் அனுப்பிக் கூப்பிடும். தமிழ்நாட்டு ஆட்களுக்குத் தமிழில். மெஷின் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்த வரி: 'உங்கள் மேசை உங்களை இழக்கிறது.' பிரபு அதை என்னிடம் காட்டி, கொஞ்சம் நல்ல தமிழில் மாற்றித் தரச் சொன்னார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையைப் பிடித்து வைத்துக்கொண்டு சொந்தக்காரரைக் கூப்பிடுவோமே, எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் வந்தது. காய் நறுக்கிக்கொண்டே சொன்னேன்.

'உங்க இடத்துல யாரையும் உட்கார விடலை. எப்ப வர்றீங்க?'

அந்த வருடம் அனுப்பிய எல்லா மொழி வரிகளிலும் அதுதான் அதிகம் பேரைத் திரும்ப வரவழைத்து, நன்றாக 'வேலை செய்தது'. அதற்கும் ஒரு கேக் வெட்டி, ஒரு துண்டு எனக்கு அனுப்பினார்கள். சாப்பிட்டேன்.

சில மாதம் கழித்து மேரி அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் தம்பி பெரம்பூரில் இருக்கிறார். தம்பி மனைவி தன் நகைகளை ஒரு டப்பாவில் கொண்டு வந்து அக்காவின் பீரோவில் வைத்துவிட்டு, அன்றைக்கே ரயில் ஏறிவிட்டாளாம். வீட்டில் இருந்தால் ரம்மிக்குப் போய்விடும் என்று பயம். தம்பி ஒருமுறை மனம் திருந்தி, ஆடுவதையே விட்டிருந்தார்.

"ரெண்டு மாசம் அந்தப் பக்கமே போவல. அப்புறம் ஒரு மெசேஜ் வந்துச்சாம். எனக்கு போன்ல படிச்சுக் காட்டினான்" என்ற மேரி அக்கா, என் வரியை ஒரு சொல் மாறாமல் என்னிடம் சொன்னார். "எந்தப் பாவியோ ஊட்டு மனுஷன் மாதிரி எழுதியிருக்கான் நித்யா."

டீ ஆறிப்போகும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில்தான் இதை எழுதவே முடிகிறது. அது தைரியமா என்ன?

அதற்கப்புறம் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எங்குமே கூடாது. பிரபுவின் கம்பெனியில் நான்கு மாடி ஒரு மாடியானது. கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக அட்டைப் பெட்டியோடு வெளியே வந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும்... அந்த நிம்மதியை அவரிடமிருந்து மறைக்க ரொம்பப் பாடுபட்டேன்.

மிச்சமிருந்த ஒரு மாடியில் புது ஆப் தயாரானது. குழந்தைகளுக்குக் கணக்கு சொல்லித் தரும் ஆப். மிட்டு என்று ஒரு பச்சைக்கிளி. சரியாகக் கணக்குப் போட்டால் நட்சத்திரம், ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரு சக்கரம் சுற்றும். முதல் முதலாகப் போட்டுப் பார்த்தது எங்கள் தாராதான். உண்மையைச் சொல்ல வேண்டும். கடன் வாங்கிக் கழித்தல் அவளுக்கு ஆறு மாதமாக வராமல் இருந்தது. மிட்டு மூன்று வாரத்தில் வரவழைத்துவிட்டது.

நான் மனசாரச் சந்தோஷப்பட்டேன். போன மாதம் ஒரு காலை வரைக்கும்.

தோசைக் கரண்டியோடு அடுப்பருகே நிற்கிறேன். தாரா பல்கூடத் தேய்க்காமல் டேப்லெட்டைத் தேடிக்கொண்டு ஓடுகிறாள். ஹாலிலிருந்து கொஞ்சும் குரலில், நாங்கள் தேர்ந்தெடுத்து வைத்த தமிழில், கிளி பேசுகிறது.

'உன் இடத்துல யாரையும் உட்கார விடலை. எப்ப வர்றே?'

"மிட்டு பிலுஸ்துந்தி அம்மா" என்றாள் தாரா, தெலுங்கில். மிட்டு கூப்பிடுகிறதாம். தோசை கருகியது.

பிரபுவிடம் கேட்டேன். இதில் காசே கிடையாது, ஒரு பைசா கட்ட வழியில்லை, பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும், சட்டப்படி எல்லாம் சரி என்று பொறுமையாகச் சொன்னார். உண்மைதான், நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பத்தாவது நிமிடம் நிற்கிறது. ஆனால் எப்படி நிற்கிறது? சக்கரம் பாதி சுற்றும்போது. 'மீதி நாளைக்கு!' என்று கிளி சிறகடிக்கிறது. மறுநாள் விடியும்வரை தாரா அந்த மீதிச் சுற்றைப் பற்றியே பேசுகிறாள்.

"ஏங்க, அந்த ரம்மிக்காரங்க வேலையெல்லாம் இதுல எதுக்கு?"

"எங்களுக்குத் தெரிஞ்ச வேலை அதுதான நித்யா. இதுல உனக்கு எது தப்பாப் படுது? நீ எழுதுன வரியா?"

அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். அதனால்தான் வலித்தது.

தாரா படிப்பதுதான் அவர்கள் கேட்டிருக்கும் முதல் பள்ளி. அது சரி என்றால் அடுத்து பத்துப் பள்ளி, அந்த ஒரு மாடி தப்பிக்கும். வேண்டாம் என்று போய்விட்டால் அடுத்த அட்டைப் பெட்டி யாருடையது? பிரபு அதைச் சொல்லவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் குழம்புக்கு உப்பே போட மறந்திருந்தேன். அதையும் அவர் சொல்லவில்லை.

நான்தான் வீணாகச் சந்தேகப்படுகிறேனோ? குழந்தையைக் கணக்குப் போடக் கூப்பிடுவது தப்பா? நாம் பள்ளிக்கூடத்துக்கு மிட்டாய் காட்டிக் கூப்பிட்டதில்லையா? இப்படி எனக்கு நானே பத்து வக்கீல் வைத்து வாதாடிவிட்டேன். ஆனால் கண்ணை மூடினால் மேரி அக்காவின் பீரோவும் அதற்குள் இருக்கும் டப்பாவும்தான் தெரிகின்றன.

பெற்றோர் கூட்டம் அடுத்த சனிக்கிழமை. டீச்சர் நேற்றும் ஒரு முறை கேட்டுவிட்டார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும், காரணத்தைச் சொன்னால் என் வரியையும் சொல்ல வேண்டும். நல்லது என்றால் தாரா வகுப்புக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் மறுநாள் முதல் மிட்டு இடம் பிடித்து வைக்கும்.

உங்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், அம்மாக்கள் இருக்கிறீர்கள். இதே மாதிரி கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களும் இருப்பீர்கள். டீச்சரிடம் நான் என்ன சொல்லட்டும்? எழுதுங்கள். பிரபுவும் இந்தப் பக்கத்தைப் படிப்பார், அதை நினைத்து யாரும் மழுப்ப வேண்டாம்.

பதில் வரவில்லை என்றால் மறுபடி கூப்பிட மாட்டேன்... எப்படிக் கூப்பிட்டால் வருவீர்கள் என்பது எனக்குத் தெரியும்.