அண்ணையின் சம்பளம்

ரொக்ஸ்பரோ புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை கூடைப்பந்தைத் தரையில் அடிக்கும் சத்தம் கேட்டது. நிலக்கீழ் அறையில் என்னோடு இருந்த அண்ணை எழும்பிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

சின்ன வயதில், எங்கள் பழைய வாடகை வீட்டில் அண்ணை பந்தடிக்கும் அந்தச் சத்தம் விடியவே தொடங்கிவிடும். அண்ணையின் ஈரச் சப்பாத்து மணமும் அம்மா தாளிக்கும் மணமும் கலந்து கிடக்கும். ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊர்க் கழகம் அவரைச் சம்பளத்துக்கு விளையாட எடுத்த அன்று, ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்கும் அப்பா மாம்பழங்களோடு வந்தார். வீடு நிறையச் சனம்.

"தம்பி, எவ்வளவு தருவாங்கள்?" என்று அண்ணையிடம் கேட்டார் மாமா.

"சாப்பாட்டுக்கும் அறைக்கும் காணும் மாமா. அவ்வளவுதான்."

அப்பா மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தார். "கெட்டிக்காரன். கண்ணூறு படும் எண்டு மறைக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் உழைக்கும் காசை உள்ளபடி சொல்வதில்லை. அதனால் அண்ணை சொன்ன உண்மையை ஒருவரும் நம்பவில்லை. அண்ணையின் சம்பளத்தை நம்பி அப்பா இந்த வீட்டைக் கடனுக்கு வாங்கினார். அந்தக் கடனைக் கட்டுவதற்காக, முழங்கால் சவ்வு கிழிந்த பிறகும் அண்ணை ஊசி போட்டுக்கொண்டு விளையாடினார். இப்போது கால் மடங்காது. வீடும் கைவிட்டுப் போகிறது.

குடும்பத்தில் முதலில் படித்தவன் என்ற முறையில், அண்ணையிடம் காசில்லை என்று நானும் அப்பாவுக்கு எத்தனையோ தரம் விளக்கிவிட்டேன்.

இன்று அவர் கீழே இறங்கிவந்து அண்ணையின் பக்கத்தில் இருந்தார். "தம்பி, வெளியாக்கள் ஒருத்தரும் இல்லை. இனியெண்டாலும் சொல்லு, காசை எங்க வச்சிருக்கிறாய்?"

அண்ணை அவர் முகத்தைப் பார்த்தார்.

"பிறகு சொல்லுறன் அப்பா."

அப்பாவின் முகம் தெளிந்ததைப் பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன்.