கோணல் மட்கார்டு

சுபத்ராவுக்கு ஈயைக் கண்டால் குடலைப் புரட்டும். கேமரன் மலையில் பிறந்து நாற்பத்து மூன்று வயது வரை அந்த மலையை விட்டு இறங்காதவளுக்கு ஆகாத குணம்தான். காய்கறித் தோட்டங்களுக்குக் கோழி எரு வந்து இறங்குகிற வாரம் முழுக்க, கோலா தெர்லாவிலிருந்து தானா ராத்தா வரைக்கும் ஈ மொய்க்கும். மற்றவர்கள் ஒரு கையால் ஈயை விரட்டிக்கொண்டே இன்னொரு கையால் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். சுபத்ரா தட்டை மூடிவிட்டுப் பட்டினியாக வேலைக்குப் போவாள்.

வேலை தேயிலை ஃபேக்டரியில். காய்ந்த தூளில் தங்கிவிடும் காம்பையும் நாரையும் விரலால் பொறுக்கி எடுக்க வேண்டும். அம்மாவுக்கு முதுகு போனபோது எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள், கொஞ்ச வருடம் வீட்டைப் பார்த்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தாள். ஃபேக்டரியில் அவள் அறுபத்து நான்காம் நம்பர். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசமாட்டாள். ஆனால் பக்கத்தில் இருப்பவள் ஜாக்கெட் கொக்கி மாறியிருப்பது முதல் கணக்கெழுதும் கிராணி புதுச் செருப்பு போட்டிருப்பது வரை அவள் கண்ணுக்குத் தப்பாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தானா ராத்தாவுக்கு பஸ் ஏறுவாள். அங்கே அவளுடைய அக்கா சாரதாவின் புருஷன் வீரப்பன் பழைய சாமான் கடை வைத்திருந்தார். காய்கறி லோரி ஓட்டியவர், இடுப்பு வலி வந்ததும் கடைக்கு மாறினார். சுற்றுலா வருகிறவர்களுக்குப் பழைய ரேடியோ, பிஸ்கட் டின், பொம்மைக் கார் எல்லாம் விற்பார். ஒருமுறை விளக்கு உடைந்த பொம்மைக் கார் ஒன்றுக்கு சுபத்ரா பாசிமணியை அறுத்து விளக்கு வைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து ரிப்பேர் எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தது. கடைக்குப் பின்னால் திரைச்சீலை போட்ட மூலையில் உட்கார்ந்து செய்வாள். முன்னால் வீரப்பன், எல்லாம் தன் கைவேலை என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும். எச்சில் தொட்டு விரலால் காரைத் துடைத்து, அதே விரலை வாங்குகிறவரிடம் நீட்டிக் கைகுலுக்குவார். திரைக்குப் பின்னால் சுபத்ராவுக்கு உடம்பு கூசும். அக்காவின் குடும்பம் ஆயிற்றே என்று வாயை மூடிக்கொள்வாள்.

போன வருடம் ஒரு எஸ்டேட்டில் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கினார்கள். ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது வீரப்பனுக்கு ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. நூறு வருடத்துக்கு முந்திய மாடல் இங்கிலீஷ் கார் ஒன்றை உள்ளங்கை அளவில் நாமே கட்டிக்கொள்ளும் பெட்டி அது. மரத்தில் உடல், ஈயம் மாதிரி வெள்ளை உலோகத்தில் இன்ஜின், வெட்டி வளைக்கப் பித்தளைத் தகடு, ரப்பர் டயர். மூடியைத் திறந்ததும் எலி மூத்திர வாடை அடித்தது. டயர்கள் நான்கும் உருகித் தார் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தொட்ட விரலில் பிசுக்குப் போக சுபத்ரா மூன்று நாள் தேய்த்தாள். பாதிச் சாமானைக் காணோம். எந்தத் துரையோ ஆசையாக ஆரம்பித்து, முன்பக்க மட்கார்டு ஒன்றை மட்டும் ஒட்டியிருந்தார். அதுவும் கோணல். பசை கல்லாகிப் போயிருந்ததால் அதைப் பெயர்க்கவே முடியவில்லை.

"இதக் கட்டி முடி சுபா. கண்ணாடி அலமாரில வெச்சு, பக்கத்துல உன் பேரப் போட்டு ஒரு அட்டை வெக்கறேன். என் அம்மா மேல சத்தியம்," என்றார் வீரப்பன்.

அவர் சத்தியத்தை அவள் பெரிதாக நம்பவில்லை. ஆனாலும் அந்த அட்டை அவள் மனசில் உட்கார்ந்துவிட்டது. பள்ளிக்கூட ரிஜிஸ்டருக்குப் பிறகு அவள் பெயரை யாரும் நான்கு பேர் படிக்கிற இடத்தில் எழுதியதில்லை.

எட்டு மாதம் உட்கார்ந்தாள். குறிப்புத்தாளில் இங்கிலீஷ் புரியவில்லை, படம் புரிந்தது. ஃபேக்டரியில் தூள் சலிக்கிற சல்லடை கிழிந்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தக் கம்பி வலையில் ஒரு துண்டை வெட்டி ரேடியேட்டர் முகப்புக்கு வைத்தாள். சுற்றிலும் பித்தளையில் சட்டம் வளைத்தாள். அதே வலையிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி, சக்கரத்துக்கு நாற்பது ஆரக்கம்பி என்று கோத்தாள். பழைய கைப்பையின் தோல் சீட்டாயிற்று. பிடுங்கிப் போட்ட தேயிலைச் செடியின் வேரைச் சீவி டேஷ்போர்டு. பிளாஸ்டிக் கேக் டப்பா மூடியில் முன்கண்ணாடி. ஸ்டீரிங்குக்கு எதுவும் சரியாக அமையாமல், கடைசியில் தன் காதிலிருந்த வளையத்தையே கழற்றினாள். டயருக்கு மட்டும் தண்ணீர்க் குழாய் ரப்பரை வீரப்பன் வாங்கிவந்தார். மரத்துக்குப் பச்சைச் சாயம் ஏழு பூச்சு. ஒவ்வொரு பூச்சிலும் ஈ வந்து உட்காரும். ஊசி முனையால் அதன் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து, குமட்டலை விழுங்கிக்கொண்டு மறுபடி தேய்ப்பாள்.

முடிந்த அன்று காரை மேசையில் வைத்துத் தள்ளிப் பார்த்தாள். சக்கரங்கள் சுழலும்போது அத்தனை கம்பியும் மின்னின. கோணல் மட்கார்டு ஒன்றுதான் கண்ணை உறுத்தியது.

வீரப்பன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ரொம்பப் புதுசாக இருக்கிறது என்று முகம் சுளித்தார். ஈப்போவிலிருந்து பல் டாக்டர் யுவனேஸ்வரன் வரப்போகிறாராம். எஸ்டேட் காலத்துச் சாமான் என்றால் உயிரை விடுகிறவராம். அவரிடம் இதைத் துரையே தன் கையால் கட்டினார் என்று சொல்லியாகிவிட்டதாம்.

"டீத்தூள நல்லா கெட்டியா கொதிக்க வெச்சு மேல பூசு. அறுபது வருசம் பழசாயிரும் லா."

"அட்டைல என் பேரு?"

"அடுத்த கார்ல போட்டுக்கலாம். சுபத்ரா கட்டுன கார யாரு வாங்குவா, சொல்லு?"

அக்கா சாரதா கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்தாள். அன்று சுபத்ரா தன் கையாலேயே அந்தக் கஷாயத்தைப் பூசினாள். வாரம் முழுக்க மூக்கில் ஏறுகிற அதே டீ வாடை, ஞாயிற்றுக்கிழமையும் வந்து காரின் மேல் படிந்தது. பித்தளை கறுத்தது, கம்பி மங்கியது. குளித்த குழந்தையைத் தூக்கிக் கால்வாயில் முக்கியது போலிருந்தது. நிறுத்தாமல் மீதியையும் பூசினாள்.

டாக்டர் வந்த ஞாயிறு, அட்டை அலமாரியில் இருந்தது. இங்கிலீஷில் ஏதோ துரையின் பெயர், ஒரு பழைய வருடம். டாக்டர் வெள்ளைச் சட்டை போட்ட மெல்லிய மனிதர். காரைக் கையில் வாங்கிச் சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்தார். அந்தக் காலத்துப் பொறுமை யாருக்கு வரும் என்றார். வீரப்பன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். தண்ணீர் கொண்டுவந்து வைத்த சுபத்ராவை, கடை கூட்டுகிற பொண்ணு என்று சொல்லி அனுப்பினார். அவள் போகவில்லை. திரையோரமாக நின்றுகொண்டாள்.

பேரம் முடிந்தது. காரைப் பெட்டியில் வைக்கும் முன்னால் வீரப்பன் உள்ளே போய் நான்கு சின்ன எலுமிச்சம்பழங்களோடு வந்தார். லோரி ஓட்டிய நாளில் ஒருமுறை எலுமிச்சை வைக்காமல் கிளம்பி, வளைவில் மண்சரிவில் மாட்டியவர். அதிலிருந்து சக்கரம் வைத்த எதுவும், பொம்மையே ஆனாலும், சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்காமல் அவர் கடையைத் தாண்டாது. காரை ஏற்றி நசுக்கினால் சக்கரம் போய்விடும். அதனால் டயரை ஒட்டிப் பழத்தை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார்.

சுபத்ராவுக்கு உடனே புரிந்தது. ஃபேக்டரியில் விரலில் ஏறிய டீக்கறையை அவர்கள் எல்லோரும் எலுமிச்சை போட்டுத்தான் எடுப்பார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை.

முதல் பழம் நசுங்கியது. சாறு பீறிட்டு ரேடியேட்டர் சட்டத்திலும் மட்கார்டிலும் தெறித்தது. வீரப்பன் பதறி, விரலை நக்கித் துடைத்தார். துடைத்த இடம் நேற்று வெட்டிய பித்தளையாகப் பளபளத்தது. இன்னும் துடைத்தார். பாதி கார் பழசு, பாதி கார் புதுசு.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தார். காரைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார். "டீயா?" என்றார்.

சுபத்ரா முன்னால் வந்தாள்.

"நான் கட்டுனது, டாக்டர். எட்டு மாசம். இது நம்ம ஃபேக்டரி சல்லடை. அது தேயிலை வேரு. ஸ்டீரிங் என் காது வளையம்."

டாக்டர் அவளை ஒரு தரமும் காரை இரண்டு தரமும் பார்த்தார். இப்போது அட்டையை மாற்றச் சொல்வார் என்று அவள் நினைத்தாள். அவர் வீரப்பன் பக்கம் திரும்பினார்.

"பரவால்ல. அந்த இடத்துல மட்டும் மறுபடி டீ பூசிக் குடுத்துருங்க. அட்டை அப்படியே இருக்கட்டும். வீட்டுக்கு வர்றவங்களுக்குத் துரை கதைதான் நல்லாருக்கும்." பிறகு அவளிடம், "நீங்களும் நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க," என்றார்.

வீரப்பன் மூச்சு விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் டாக்டரின் புன்னகையும் ஒரே பிசுக்காக, அந்த உருகிய டயர்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதாக அவளுக்குத் தெரிந்தது.

அவள் காரைக் கையில் எடுத்தாள். டீ பூசத்தான் எடுக்கிறாள் என்று இருவரும் சும்மா இருந்தார்கள். காம்பு பொறுக்குகிற விரல்கள் வேகமாக வேலை செய்தன. ஸ்டீரிங் வளையம், சீட்டு, டேஷ்போர்டு, முன்கண்ணாடி, சட்டத்தோடு ரேடியேட்டர். டயரை உருவிப் போட்டுவிட்டு நான்கு சக்கரங்கள். ஒவ்வொன்றாக சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டாள்.

"என்னடி பண்றே?" என்றாள் சாரதா.

"எதுக்குக்கா பயப்படற? துரை செஞ்சதுல கை வெக்கல. அவரு செஞ்சது அந்த மட்கார்டு ஒண்ணுதான். அது அங்கயே இருக்கு."

வீரப்பன் எழுந்தார். "வெச்சிட்டுப் போ. இனிமே இந்தக் கட வாசல மிதிக்காதே," என்றார். சுபத்ரா டப்பாவை மூடினாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை, எச்சில் காயாத ஒரு வாய், அவ்வளவுதான்.

மேசையில் சக்கரமில்லாத மரக்கட்டை ஒன்று, டீயும் எலுமிச்சையும் கலந்த ஈரத்தில் கிடந்தது. வாசல் வழியாக ஈ ஒன்று வந்து கோணல் மட்கார்டில் உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு வந்தன. அவள் விரட்டவில்லை. டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.