மூன்று போத்தல் தண்ணீர்

போன செவ்வாய்க்கிழமை, பாக்கார் ஆராங் கிளினிக்கில் ஒரு சின்னப் பெண் என்னை மடக்கிவிட்டாள்.

பெயர் சரளா. நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தானாம். என் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடியிருந்தது, அதனால் புது ஃபைல் திறந்தார்கள். வயது என்ன, என்ன வேலை பார்த்தீர்கள், உப்பு அதிகம் சேர்ப்பீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். நானும் டக் டக்கென்று பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“உங்க அப்பாவுக்கு இனிப்புநீர் இருந்துச்சாம்மா? தெரியலன்னாலும் ஓகேலா.”

இந்த இடத்தில்தான் மடக்கினாள்.

இந்தப் பத்திரிகைப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நாற்பது வருஷம் நான் சோறு தின்றதே இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான். இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மாரடைப்பு மாதிரி ஊரெல்லாம் இருக்கிற நோய்கள் குடும்பங்களில் எப்படி இறங்கி வருகின்றன என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. ஐஸ் பெட்டியில் ரத்த மாதிரிக் குழாய்கள், கையில் ஒரு கட்டுத் தாள்... கெடா மாநிலத்தில் ரப்பர் தோட்டம் தோட்டமாக அலைந்திருக்கிறேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படம் வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தால் உள்ளே கறுப்பு அடிப்போம். தெரியாவிட்டால் கேள்விக்குறி.

நம் ஆட்களை வைத்துக்கொண்டு இந்தப் படத்தை வரைவது லேசுப்பட்ட காரியமா? பெண்டாங்கில் ஒரு பெரியவர், “எனக்கு மூணு அப்பா, டாக்டர்” என்றார். பெரியப்பா, பெற்றவர், சித்தப்பா — மூவரையும் ‘அப்பா’ என்றே கூப்பிட்டு வளர்ந்த மனிதர். கூட வந்த என் உதவியாளருக்கு அது புரியவில்லை. மூன்று சதுரம் போட்டு, மூன்று பேரையும் அந்த ஒரே அம்மாவுக்குக் கட்டிவைத்துவிட்டாள்! அழித்து வரைவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சிரித்தேன்தான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பொறாமையாக இருந்தது. அவருக்கு மூன்று அப்பா. எனக்கு ஒரு சதுரம், அதற்குள் ஒரு கேள்விக்குறி.

அப்பா பெயர் காளிமுத்து. சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் எடுக்க ரப்பர் மரம் சீவினார். வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயங்களைச் சுற்றி முள்கம்பி. அரிசி அளந்துதான் கிடைக்கும். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடுமென்று, வேலைக்குப் போகிறவர்களை விடியற்காலையில் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக்கூடாது. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு.

அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. மடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், தண்ணீர் குடிக்கையில் ஏறி இறங்கும் தொண்டை. அது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காரணம்? எல்லாரும் ஒரு போத்தல் தண்ணீரோடு கேட்டைத் தாண்டும்போது இவர் மூன்று போத்தல் எடுத்துப்போனார். யாருக்கு? பங்கு அரிசியை முழுசாக வாங்குகிறவர், ஆனால் ஆள் இளைத்துக்கொண்டே போகிறார். அப்படியானால் சோறு எங்கே போகிறது? போதாக்குறைக்கு, ஊரடங்கு நேரத்தில் அடிக்கடி வீட்டுக்கு வெளியே வந்து போகிறார் என்று பக்கத்து லயத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் மட்டும் ஏதோ காய்ச்சல் என்று நினைத்து மலேரியா மாத்திரை கொடுத்தாராம்.

சில மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். பிறகு பினாங்கில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்து, பாய் ஒருவருடைய சாப்பாட்டுக் கடையில் மசாலா அரைத்துப் படிக்கவைத்தார். தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினால் போதும், அம்மி நின்றுவிடும். சைக்கிள் தாண்டிப் போனபிறகுதான் மறுபடி ஓடும்.

அம்மாவுக்குள் வருஷக்கணக்கில் ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. பிள்ளை வாயில் போகவேண்டிய சோற்றை இந்த மனிதர் எனக்குத் தெரியாமல் யாருக்குக் கொடுத்தார்? என்னைவிட அவர்கள் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டார்களா?

இந்நேரம் நீங்கள் விஷயத்தைக் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? மருத்துவக் கல்லூரியில் மனப்பாடம் செய்தேன்: அடங்காத தாகம், அடங்காத பசி, அடிக்கடி சிறுநீர், உடம்பு இளைப்பு. பரீட்சையில் நல்ல மார்க். அப்பா நினைவு வந்ததா? வரவில்லையே! வீட்டில் அதை யாரும் எனக்கு நோயாகச் சொன்னதில்லை. குற்றமாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

ஆராய்ச்சிக்கு வந்து பல வருஷம் கழித்து, கோத்தா கோலா மூடா போகும் வழியில் ஒரு தோட்டம். அங்கே அஞ்சலை அக்கா என்பவரிடம், இறந்துபோன அவர் கணவரைப் பற்றிக் கேட்டேன்.

“அத ஏன் கேக்குறீங்க டாக்டர்... மொண்டு மொண்டு தண்ணி குடிப்பாரு. சோறு ரெண்டு ஆளு சோறு திம்பாரு. ஆனா எளச்சு எளச்சு குச்சியாட்டம் ஆயிட்டாரு. ராவுல நாலு தடவ வெளிய போவாரு. அப்புறந்தான் ஆஸ்பத்திரில இனிப்புநீருன்னாங்க.”

சதுரத்துக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்த என் பேனா நின்றுவிட்டது.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் ஓடினேன். நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். எனக்கோ ஒரே சந்தோஷம்! வழக்கில் ஜெயித்த வக்கீல் மாதிரி படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா யாருக்கும் சோறு கொடுக்கலம்மா... அது நோய்.

அம்மாவின் கை நின்றது.

“அப்போ அவருக்கு நெசமாவே பசிதானா?”

“பசிதாம்மா. தின்னது ஒடம்புல ஒட்டல.”

நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: “நானும் நம்பிட்டேன்டி. போலீசு கேக்குறதுக்கு முன்னாலயே நம்பிட்டேன். சோத்த எங்கயோ கொண்டுபோயி குடுக்குறாருன்னு. அதனால கடைசி ரெண்டு மாசம் அவரு தட்டுல பாதிதான் போட்டேன். ‘இன்னுங் கொஞ்சம் வையி’ம்பாரு. ‘இல்ல’ம்பேன். பானையில இருக்கும்.”

டாக்டர் மகள் சும்மா இருப்பாளா? “அந்த நோய்க்குச் சோத்த கொறச்சது நல்லதுதாம்மா. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்.”

“நீ சொல்றது இருக்கட்டும்” என்றார் அம்மா. “அவரு கேட்டாரே.”

பொதுவான நோய்களுக்கு ஒரே குற்றவாளி கிடையாது. ஏராளமான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம், சாப்பாடு கொஞ்சம், வாழ்கிற வாழ்க்கை கொஞ்சம் என்று எல்லாம் சேர்ந்து செய்கிற காரியம். இதை எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் மட்டும் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை. மருந்து இல்லாமல் அந்த உடம்பு நாகப்பட்டினத்தில் எவ்வளவு காலம் தாங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கடிதம் ஏன் நின்றது என்றும் தெரியும்.

நான் சொல்லாததை அம்மா தானே புரிந்துகொண்டார். தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் படையல் போடுவோமே, அதில் அப்பாவுக்கு அதுவரை இலை போட்டதே இல்லை. திரும்பி வருவார் என்று காத்திருந்தவர் எப்படிப் போடுவார்? அந்த வருஷம் போட்டார். இலையே தெரியாத அளவுக்குச் சோறு. பக்கத்தில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர். அம்மாவைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகை... இப்போது எழுதும்போதும் கண் மறைக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் குடும்பப் படத்தில் அப்பாவின் சதுரத்துக்குள் கேள்விக்குறிதான் இருந்தது. ஏனென்றால் நான் வைத்த சட்டம் அப்படி. “கேள்விப்பட்டத எழுதாதீங்க. ரத்தப் பரிசோதனை வேணும், இல்ல ஆஸ்பத்திரி கார்டு வேணும்” என்று உதவியாளர்களைப் படுத்தி எடுத்தவள் நான். அப்பாவுக்கு எந்தக் கார்டு இருக்கிறது?

“அம்மா... தெரியலன்னு போட்டுறவா?” கிளினிக்கில் சரளா பொறுமையாகக் காத்திருந்தாள்.

“வேணாம்மா. ஆமான்னு போடு.”

“டெஸ்ட் எடுத்தாங்களா?”

“இல்ல.”

பேனா நின்றது. கெட்டிக்காரப் பெண். என்னிடம் வேலைக்கு வந்திருந்தால் உடனே சேர்த்திருப்பேன். “அப்புறம் எப்படிம்மா தெரியும்?”

“அவரு தண்ணி குடிக்கிறத நான் பாத்திருக்கேன்” என்றேன்.