நீலப் புடவையை நீக்கியவர்

நான் தெலுங்குக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு ஹைதராபாத்தில் தங்கிவிட்டதால் அம்மா என்னோடு இரண்டு வருஷம் பேசவில்லை. பேச வைத்தது ஊரில் கரண்டு போனதுதான். ஒருநாள் காலையில் திருநெல்வேலியிலிருந்து போன். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"ஏட்டி, நேத்து கரண்டு போயிட்டு. நம்ம சீரியல்ல என்னாச்சு?"

கல்யாணத்துக்கு முன் நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்த சீரியல் அது. ஊரில் தினமும் அந்த நேரத்துக்கே கரண்டு போனதால், அன்றிலிருந்து குகட்பள்ளியில் இருக்கும் என் ஹவுசிங் போர்டு வீட்டில் நான் சீரியல் பார்ப்பதும், மறுநாள் காலையில் அம்மாவுக்குச் சொல்வதும் வழக்கமாயிற்று. மருமகள் என்ன புடவை கட்டியிருந்தாள், மாமியார் நீட்டிய காபியைக் குடித்தாளா, ஆறவிட்டாளா, எல்லாம் வேண்டும் அம்மாவுக்கு. மறந்துவிடக் கூடாதே என்று, அந்தச் சீரியலின் ரசிகர்கள் நடத்திய விக்கித் தளத்தில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம்.

திருத்தவும் செய்தார்கள். தளத்தைப் பார்த்துக்கொண்ட ஒருவர், முகம் தெரியாதவர், என் பக்கத்தை வெட்டி நான்கு வரியாக்கிவிட்டார். கதை மட்டும் போதுமாம், நீலப் புடவை யாருக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பவும் சேர்த்தேன். திரும்பவும் வெட்டினார்.

ஆபீஸிலோ எனக்கு நேர்மாறான திட்டு. சாஃப்ட்வேரைச் சோதித்துப் பிழை சொல்வது என் வேலை. எந்தப் பட்டனை எதற்குப் பிறகு அழுத்தினாய், திரையில் அப்போது என்ன இருந்தது, ஒன்றுவிடாமல் எழுது, எது தேவை என்று நீயாக முடிவுசெய்யாதே என்பார் டீம் லீட். இருக்கிற ஒரே மூளையை வைத்துக்கொண்டு நான் யார் பேச்சைக் கேட்பது? ஒருவேளை அந்த விக்கி ஆள் சொல்வதும் சரியோ? புடவையின் நிறம் தெரியாவிட்டால் கதைக்கு என்ன குறைந்துவிடும்?

சோதித்துப் பார்ப்பதுதானே தொழில். மறுநாள் அவருடைய நான்கு வரியை அம்மாவுக்கு அப்படியே வாசித்தேன். மாமியார் வந்தாள். மன்னிப்புக் கேட்டாள். மருமகள் மன்னித்தாள். இருவரும் வீடு திரும்பினார்கள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

வழக்கமாக அரைமணி நேரம் பேசுவோம். இது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அம்மா போனை வைத்துவிடுவாளோ என்று பயந்துபோனேன். எங்களுக்குள் பேச வேறு எதுவுமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இன்னைக்கு ஒங்க வீட்ல என்ன சமையல்?" என்றாள் அம்மா.

கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. எங்கே ஆரம்பிப்பது, எவ்வளவு சொல்வது?

"சாம்பார்ம்மா" என்றேன்.

"என்ன காய் போட்டுருக்க?"