மேம்பால இறக்கத்தில் உடைந்த ஸ்பிரிங்

கார் ஓட்டக் கற்றுத் தரும் அவளை எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக இதுதான் வேலை. அன்று காலை ஸ்டியரிங் பிடித்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர்.

மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது முன்பக்கம் டணாரென்று ஒரு சத்தம். கார் சாய்ந்து, தடுப்புச் சுவர் பக்கம் இழுத்தது.

"நான் ஒண்ணுமே பண்ணலைம்மா," என்றார் தபால்காரர்.

"தெரியும் சார். பிரேக்கை மட்டும் ஓங்கி மிதிச்சிடாதீங்க. ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுங்க."

சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்தாள். பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதைப் பூப்போல அழுத்தி, பாலம் முடிந்ததும் ஓரமாக நிறுத்தினாள். தபால்காரரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

குனிந்து பார்த்தாள். முன்சக்கரத்துக்கு மேல் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் உடைந்து, அதன் கூர்முனை டயரில் ஆழமாகக் கோடு கிழித்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் டயர் வெடித்திருக்கும்.

மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டாள். "நாலு நாளா கடகடன்னு சத்தம் வருதுன்னேன். ரோடு சரியில்லைன்னியேடா. இப்ப வந்து பாரு."

தம்பி வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். எதற்கும் பார்த்துவிடலாமென்று, மதியமே அவளுடைய இன்னொரு காரின் சக்கரத்தையும் கழற்றினான். அதிலும் துருப்பிடித்த ஸ்பிரிங்கில் மயிரிழை அளவு விரிசல்.

"நல்லவேளை பார்த்தோம்க்கா," என்றான்.

தபால்காரரோ, காரைக் காப்பாற்றியதில் தனக்கும் பாதிப் பங்கு உண்டென்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். மறுநாள் அவர் மனைவி வந்து பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள்.